தட்டின் அடியில் ஒரு கீறல்

போன மாதம் ஹென்டர்சனில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போயிருந்தோம். இங்கே கொண்டாட்டம் என்றால் அநேகமாகக் கடதாசித் தட்டுத்தான். அந்த வீட்டுக்காரர் நல்ல பீங்கான் தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நான் ஒன்றை எடுத்தேன். எடுத்த கை தன்பாட்டில் அதைக் கவிழ்த்து அடியைப் பார்த்தது. பக்கத்தில் நின்ற பேத்திக்கு முகம் சிவந்துவிட்டது.

"அம்மம்மா, டோன்ட்! அந்த ஆன்ட்டி பாக்கிறா. பிளேட் ஊத்தை எண்டு நினைக்கப்போறா."

"ஊத்தையோ எண்டு பாக்கேல்லை பிள்ளை. எந்த ஊர் எண்டு பாத்தனான்."

அந்த வீட்டில் நான் வாயைத் திறந்து பேசியது அவ்வளவுதான். நாலு பேர் கூடுகிற இடத்தில் எனக்குக் கதை வராது. ஆனால் தகனினியில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும்போது மோட்டர்வேயில் ஒரே நெரிசல். மகள் கார் ஓட்டிக்கொண்டிருந்தாள். பின்சீற்றில் பேத்தி என்னை விடுவதாக இல்லை. எந்த ஊர், ஏன் பார்க்கவேண்டும், யார் பழக்கினது என்று துருவித் துருவிக் கேட்டாள். சின்ன வயதில் கொஞ்சக் காலம் இங்கிலாந்தில் ஸ்டோக் என்ற ஊரில் இருந்தேன், அது பீங்கான் செய்கிற ஊர், அங்கே எல்லாரும் தட்டைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பால்மா ரின்னின் தகரத்தில் உள்ள ஆங்கிலத்தையே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். இங்கிலாந்தில் இருந்தேன் என்றால் யார்தான் நம்புவார்கள்!

வீட்டுக்கு வந்ததும் அவள் தன் போனில் எதையோ தேடி என் கையில் தந்தாள். அந்த ஊர்க்காரர் சேர்ந்து பழைய படங்களையும் நினைவுகளையும் போடுகிற ஒரு பக்கம். செங்கல் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கிற தெருக்கள், கால்வாய், வீட்டுக் கூரைகளுக்கு மேலே வயிறு பெருத்த போத்தல்களைப் போல எழும்பி நிற்கிற சூளைகள். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. ஒருவர், "நீங்கள் இப்போதும் தட்டைக் கவிழ்த்துப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே ஓமோம் என்று ஒரு பெரிய கூட்டமே எழுதியிருந்தது. கல்யாண வீட்டில் பார்த்தேன், ஆஸ்பத்திரியில் பார்த்தேன், ரொட்டி மேலே இருக்கும்போதே தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தேன் என்று. பேத்தி வாசித்து வாசித்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு படத்தில் எங்கள் தெருவைப் போல ஒரு தெரு இருந்தது. எங்கள் தெருவேதானோ தெரியாது. அங்கே எல்லாத் தெருவும் ஒரே மாதிரி.

"நீங்களும் ஏதாவது சொல்லுங்கோ அம்மம்மா, நான் டைப் பண்ணுறன்" என்றாள் பேத்தி. சூளைப் புகையைப் பற்றி இரண்டு வரி சொன்னேன். மற்றதை அங்கே சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அப்பா இலங்கையில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கிருந்து அவரைப் பயிற்சிக்கு என்று ஸ்டோக்குக்கு அனுப்பினார்கள். தனியாகப் போய் ஒரு குளிர்காலத்தைக் கழித்தவர், இனித் தன்னால் முடியாது என்று எங்களையும் கப்பலில் கூப்பிட்டுக்கொண்டார். அம்மாவும் நானும் போனோம். எனக்கு ஏழு வயது நடந்தது.

ஒரு விதவைப் பெண்ணின் வீட்டில் மேல்மாடியில் இரண்டு அறை எங்களுக்கு. சமையலறை கீழே, அவவுக்கும் எங்களுக்கும் பொது. அவவுக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம், சிவந்த கை. பிள்ளைகள் இல்லை. அவவும் ஒரு பீங்கான் தொழிற்சாலைக்குத்தான் வேலைக்குப் போனா. சூளையிலிருந்து வருகிற தட்டுகளை மடக்கிய விரல் மூட்டால் தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. வீட்டிலும் கை சும்மா இராது. மேசை, கதவு, என் தலை, எதையும் ஒருமுறை தட்டிப் பார்ப்பா. என் தலையைத் தட்டிவிட்டு, நல்ல சத்தம், வெடிப்பில்லை என்பா. அம்மா அவவை மனுசி என்றுதான் சொல்லுவா. நேரே எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

ஊர் எனக்குப் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உடைந்த பீங்கான் துண்டுகள் மலைபோலக் குவிந்திருக்கும். மழை பெய்து வெயிலடித்தால் அந்த மலை மினுங்கும். நாங்கள் அதில் ஏறிப் பூப்போட்ட துண்டு பொறுக்குவோம். ஞாயிறு காலையில் ஒரு வீட்டு யன்னலைத் திறந்து வைத்து, ஓட்ஸ் மாவைக் கரைத்துச் சூடான இரும்புத்தட்டில் வட்டமாக ஊற்றி விற்பார்கள். சனம் தெருவில் வரிசையில் நிற்கும். முதல்முறை பார்த்தபோது அம்மா தெரு என்றும் பாராமல், "இஞ்சேருங்கோ, தோசை சுடுகினம்!" என்று கத்திவிட்டா. அந்த ஊரில் அம்மா சந்தோசமாகக் கத்தியது அன்றைக்குத்தான்.

தட்டைக் கவிழ்த்துப் பார்க்கப் பழகினது பள்ளிக்கூடத்தில். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தட்டு வந்தால் எல்லாப் பிள்ளைகளும் முதலில் அடியைப் பார்க்கும். அடியில் தொழிற்சாலையின் முத்திரை இருக்கும். இது என் அம்மா வேலை செய்கிற இடம், இது என் சித்தப்பா வேலை செய்கிற இடம் என்று ஒரு போட்டி. வேறு ஊர்த் தட்டாக இருந்தால் அதில் சாப்பிடுகிற பிள்ளையின் பாடு சரி, ஒரே கேலிதான். வீட்டிலும் நான் அதையே செய்தேன். அம்மா புறங்கையில் ஒன்று போட்டா.

"சாப்பாட்டுப் பீங்கானைத் தலைகீழாப் பிடிக்கிறதோ? தரித்திரம்."

அதோடு வீட்டில் நிறுத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரம்மா எங்களைத் தன் மேசையில் இருத்திச் சாப்பாடு போடுவா. கோழி, அவித்த உருளைக்கிழங்கு, பட்டாணி. அம்மா சேலைத் தலைப்பில் மிளகாய்த்தூள் முடிந்து கொண்டுவந்து எங்களுக்கு இரகசியமாகத் தூவிவிடுவா. எல்லாருக்கும் ஒரே சட்டியிலிருந்து ஒரே சாப்பாடுதான். ஆனால் தட்டு வேறு. எங்கள் மூவருக்கும் பொன் விளிம்பு வைத்த வெள்ளைத் தட்டு. அவவுக்கு மண்ணிறக் கோடு போட்ட தட்டு. சாப்பிட்டு முடிந்ததும் எங்களுடைய மூன்றையும் முதலில் தனியாகக் கழுவுவா. அம்மா கழுவக் கை நீட்டினால் விடமாட்டா. தனித்துணியால் துடைத்து, கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டில் வைத்துக் கதவைச் சாத்துவா. அதற்குப் பிறகுதான் தன்னுடையதை எடுத்துக் கழுவுவா. அது கீழே, வாளிக்குப் பக்கத்து இறாக்கையில் கிடக்கும்.

நான் இதைக் கவனித்ததே இல்லை. அம்மா முதல் ஞாயிறே கவனித்துவிட்டா.

"எங்களுக்கு வேற பீங்கான் வைச்சிருக்கிறா" என்று மேலே வந்ததும் அப்பாவிடம் சொன்னா.

"வைச்சால் என்ன? வெள்ளைக்காரர். அவையின்ரை பழக்கம்."

"பழக்கம் எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ. வேற ஏனம் ஏன் வைக்கிறது எண்டு எனக்குத் தெரியாதோ?"

அப்பா தன் தோல் சப்பாத்தைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். அவருக்குப் பதில் இல்லாத நேரங்களில் சப்பாத்து நன்றாக மினுங்கும்.

கிழமைக்குக் கிழமை அது வளர்ந்தது. அம்மா ஞாயிறுகளில் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்று எழும்பத் தொடங்கினா. வீட்டுக்காரம்மா தன் சமையல் பிடிக்கவில்லையாக்கும் என்று கோழிக்கு உப்பைக் கூட்டிப் பார்த்தா, குறைத்துப் பார்த்தா, ஒருநாள் எங்கிருந்தோ கறித்தூள் வாங்கிக் கிழங்கின்மேல் தூவி அதைக் கெடுத்தே விட்டா. அம்மா அசையவில்லை. குளிர் தொடங்கியதும், அடுத்த கப்பலில் என்னையும் தன்னையும் ஊருக்கு அனுப்பிவிடும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டா.

"பிள்ளையின்ரை படிப்பு?"

"தனிப் பீங்கானிலை சாப்பிட்டு ஒரு படிப்பும் வேண்டாம்."

"நான் தனிய இஞ்சை என்ன செய்யிறது? போன மாரிக் குளிரிலை எப்பிடி இருந்தனான் எண்டு உனக்குத் தெரியாது."

அப்பாவின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அம்மா பெட்டியை இழுத்துத் திறந்து உடுப்புகளை மடிக்கத் தொடங்கினா. எனக்குப் பூப்போட்ட துண்டுகளை என்ன செய்வது என்ற கவலை. கப்பலில் விடுவார்களோ மாட்டார்களோ என்று யோசித்தபடி கட்டிலில் குந்திக்கொண்டிருந்தேன்.

அப்பா கப்பல் ரிக்கற் விசாரிக்கத் திங்கட்கிழமை போவதென்று முடிவானது. இடையில் ஒரு ஞாயிறு இருந்தது. போகவேண்டாம் என்று அப்பா எவ்வளவோ சொன்னார். அம்மா வழக்கத்தைவிட நல்ல சேலை உடுத்து, பெட்டிக்குள் கிடந்த மூன்று எனாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு படியிறங்கினா. கப்பல் பயணத்துக்கென்று கொண்டுவந்த தட்டுகள் அவை. ஒன்றின் விளிம்பில் எனாமல் பெயர்ந்து கறுத்திருக்கும்.

மேசையில் பொன் விளிம்புத் தட்டுகள் மூன்றும் இருந்தன. அம்மா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மேசையின் மறுகரையில் அடுக்கினா. அந்த இடத்தில் எனாமல் தட்டுகளை வைத்தா. பிறகு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தா.

வீட்டுக்காரம்மா கையில் கோழிச் சட்டியோடு நின்றா. எனாமல் தட்டைப் பார்த்தா, அப்பாவைப் பார்த்தா. பிறகு சட்டியை வைத்துவிட்டுப் பொன் விளிம்புத் தட்டு ஒன்றை எடுத்து, விரலால் தட்டிக் காதருகே பிடித்தா. வெடிப்பு இருக்கிறதோ என்று பார்க்கிறா போல. துணியின் நுனியால் துடைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தா. ஊத்தையோ என்று பார்க்கிறா. ஒன்றும் இல்லை. அவவின் கழுத்து சிவந்துகொண்டு வந்தது.

அப்பா குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெரியவர்கள் பேசாமல் இருக்கும்போது பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும். அம்மாவின் கண் என்மேல் இல்லை. இதைவிட்டால் இனிச் சந்தர்ப்பம் கிடைக்காது. அடுக்கின் மேலிருந்த பொன் விளிம்புத் தட்டை எடுத்துக் கவிழ்த்தேன். அடியில் முழு முத்திரை, ஒரு கிரீடம், எழுத்துகள். வீட்டுக்காரம்மாவின் மண்ணிறக் கோட்டுத் தட்டையும் எட்டி எடுத்துக் கவிழ்த்தேன். அதிலும் முத்திரை இருந்தது. ஆனால் அதன் குறுக்கே ஆழமாக ஒரு கீறல்.

"அம்மா! அவவின்ரை பீங்கானிலை கீறல் இருக்கு. எங்கடையிலை இல்லை!"

அம்மா அடிக்கத் தூக்கிய கை அப்படியே நின்றது. "என்ன கீறல்?"

பள்ளிக்கூடத்துத் தட்டுகளில் அது இல்லாததால் எனக்கும் தெரியாது. அப்பாதான் இரண்டு தட்டுகளையும் வாங்கிப் பார்த்தார். பார்த்தவர் முகத்தில் ஏதோ ஒன்று கழன்றது.

"இது கழிச்சது" என்றார். "கோணல், புள்ளி, ஏதும் பிழை இருந்தால் முத்திரையிலை கீறிவிடுவினம். கடைக்குப் போகாது. வேலை செய்யிற ஆக்களுக்கு மலிவாக் குடுப்பினம். மற்றது முதல் தரம். நான் வேலை செய்யிற இடத்திலை உந்தப் பீங்கானைத் தூக்கிப் பிடிக்கவே பயப்பிடுவம்."

"அப்ப எங்களுக்கு..."

"எங்களுக்கு நல்லது. அவ சாப்பிடுறதுதான் கழிச்சது."

அம்மா இரண்டு தட்டுகளின் அடியையும் தானே வாங்கிப் பார்த்தா. பிறகு, "அப்ப ஏன் பிரிச்சு வைச்சிருக்கிறா எண்டு கேளுங்கோ" என்றா. "ஏன் தனியக் கழுவுறா எண்டும் கேளுங்கோ."

அப்பா கேட்டார். வீட்டுக்காரம்மா அவரை வியப்போடு பார்த்தா. நீங்கள்தானே வந்த முதல்நாள் சொன்னீர்கள், மாட்டிறைச்சி உங்களுக்கு ஆகாது என்று, என்றா. தன் தட்டுகளிலெல்லாம் கிழமை நாட்களில் மாட்டிறைச்சி சாப்பிடுகிறா. எவ்வளவு கழுவினாலும் அது பட்ட தட்டுத்தானே. படாத தட்டு வீட்டில் அந்த மூன்று மட்டும்தான். கல்யாணத்துக்குத் தொழிற்சாலைக் கூட்டாளிகள் சேர்ந்து கொடுத்தவை. நல்ல நாளுக்கென்று எடுத்து வைத்து, நல்ல நாள் வருமுன்னே கணவர் போய்விட்டார். நாங்கள் வரும்வரை அவற்றை வெளியே எடுத்ததேயில்லை. இதையெல்லாம் அவ சாதாரணமாக, கோழி ஆறுகிறதே என்று சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னா.

அப்பா அதைத் தமிழில் சொல்லச் சொல்ல அவருடைய குரல் இறங்கிக்கொண்டே வந்தது. முதல்நாள் தான் சொன்னதை அவர் முற்றாக மறந்துபோயிருந்தார்.

அம்மா எழும்பி எனாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டா. நான் பின்னால் ஓடினேன். பெட்டிக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்து சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதா. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நல்ல தட்டு எங்களுக்குத்தான் என்று தெரிந்த பிறகு ஏன் அழவேண்டும்?

"ஏனம்மா அழுறியள்?"

"மிளகாய்த்தூள் கண்ணிலை பட்டிட்டுது."

அன்றைக்குச் சேலைத் தலைப்பில் மிளகாய்த்தூள் முடிந்திருக்கவில்லை.

பிறகு முகம் கழுவிக்கொண்டு இறங்கி வந்து, ஆறிப்போன கோழியைத் தட்டு வெறுமையாகும் வரை சாப்பிட்டா. சாப்பிட்டதும் வீட்டுக்காரம்மாவுக்கு முந்தி எழும்பி, நாலு தட்டுகளையும் ஒன்றாக அடுக்கிக்கொண்டுபோய் ஒரே தண்ணீரில் போட்டா. வீட்டுக்காரம்மா பதறிப்போய், "பீஃப்! பீஃப்!" என்று பின்னால் வந்தா. அம்மாவுக்கு அந்தச் சொல் நன்றாக விளங்கியது. திரும்பிப் பார்க்காமல் கழுவிக்கொண்டிருந்தா. துடைத்து, அலுமாரியில் நாலையும் ஒரே அடுக்காக வைத்தா. பெட்டியில் மடித்த உடுப்புகள் திரும்பக் கொடிக்கு வந்தன. திங்கட்கிழமை அப்பா கப்பல் விசாரிக்கப் போகவில்லை.

அப்பாவின் பயிற்சி முடிகிறவரை அங்கேயே இருந்தோம். புறப்படும்போது வீட்டுக்காரம்மா பொன் விளிம்புத் தட்டுகளைப் பழைய பத்திரிகையில் சுற்றிக் கொண்டுவந்தா. அம்மா வாங்கவில்லை. அதற்குள் அம்மாவுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வந்திருந்தது. "நோ. யுவர் கப். ஒன்" என்று விரலால் காட்டினா. மண்ணிறக் கோடு போட்ட, அடியில் கீறல் விழுந்த ஒரு தேநீர்க் கோப்பை. வீட்டுக்காரம்மா அதைச் சுற்றித் தந்துவிட்டு, என் தலையைக் கடைசியாக ஒருமுறை தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டா.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் அப்பாவின் தமக்கை, பெரிய மாமி, காவல் இருந்தா. நாங்கள் போய் இறங்கியபோது எல்லாம் போட்டது போட்டபடி இருந்தது. வளவு கூட்ட, நெல்லுக் குத்த என்று ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வருவா. அம்மாவைவிட வயது கூடியவ. நாங்கள் அவவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம், நான்கூட. அவவுக்குத் தேத்தண்ணி கொடுக்க ஒரு பழைய பால்மா ரின் இருந்தது. அது வீட்டுக்குள் வராது. பின்வேலியில் நட்ட கதியால் தடி ஒன்றில் கவிழ்ந்திருக்கும். அவ எடுத்துப் பிடிக்க, அம்மாவோ மாமியோ எட்டி நின்று ஊற்றுவார்கள். குடித்து, தானே கழுவி, திரும்பக் கதியாலில் கவிழ்த்துவிட்டுப் போவா. கிணறு மாதிரி, வேலி மாதிரி அதுவும் ஒன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வந்து கொஞ்ச நாளில் ஒரு காலை அந்த ரின்னைக் காணவில்லை.

"ஓட்டை விழுந்திட்டுது. எறிஞ்சுபோட்டன்" என்றா அம்மா.

"ஓட்டையோ? நேற்றும் குடிச்சவள்!" என்றா மாமி. "இப்ப என்னத்திலை ஊத்துறது? உன்ரை சீமைக் கோப்பையிலையோ?" மாமி பகிடியாகத்தான் கேட்டா.

அம்மா அந்தக் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு பின்வளவுக்கு நடந்தா. ஊற்றவில்லை, கையிலே நீட்டினா. அந்தப் பெண் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டா. அவவின் கண் அம்மாவைப் பார்க்கவில்லை. குசினி வாசலில் நின்ற மாமியைப் பார்த்தது.

"வேண்டாம் நாச்சியார். எனக்கு இண்டைக்குத் தாகமில்லை."

"பிடி."

"வேண்டாம் நாச்சியார்."

அம்மா நீட்டியபடியே நின்றா. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கோப்பையைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு உள்ளே வந்தா. மாமி என்னையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினா.

பின்னேரம் நான்தான் முதலில் பின்வளவுக்கு ஓடினேன். அந்தப் பெண் போய்விட்டா. கிணற்றுக்கட்டில் கோப்பை இல்லை. பார்த்தால் வேலியில் இருக்கிறது. சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கழுவி, ரின் இருந்த அதே கதியாலில் கவிழ்த்திருந்தா. அடிப்பக்கம் வானத்தைப் பார்த்தபடி, முத்திரையும் குறுக்கே கீறலும் வெயிலில் நன்றாகத் தெரிந்தன.

எனக்கு உண்டான சந்தோசத்தைச் சொல்லி முடியாது. ஸ்டோக்கை விட்டு வந்த பிறகு கோப்பையின் அடியைப் பார்க்கிற ஒருத்தரை நான் எங்கள் ஊரில் கண்டதில்லை.

"அம்மா, ஓடி வாங்கோ!" என்று கத்தினேன். "எங்களுக்கு அடி தெரியவேணும் எண்டு பிரட்டி வைச்சிட்டுப் போயிருக்கிறா!"

அம்மா வந்தா. வேலியைப் பார்த்தா. நான் கைதட்டிக்கொண்டு நின்றேன்.